தென்காசியிலிருந்து டோஹூக்: தையல் மிஷின் பார்க்கப் போய் மாமன் ஆன பயணம்

எங்கள் சபைக் கமிட்டி இந்தப் பயணத்துக்கு என்னை எடுக்கக் கூடாது என்று இரண்டு தடவை முடிவு செய்தது. மூன்று காரணம் சொன்னார்கள். வயது அறுபத்தெட்டு, இங்கிலீஷ் வராது, சர்க்கரை இருக்கிறது. நான்காவது காரணத்தை யாரும் வாயால் சொல்லவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்று தையல் மிஷின் பழுது பார்க்கப் போனவன். குழுவில் இருந்த மற்ற ஐந்து பேரும் பட்டம் வாங்கியவர்கள். மூன்றாவது கூட்டத்தில் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "அந்த ஈராக் முகாம்ல பதினோரு தையல் மிஷின் ஓடாம கெடக்குன்னு அவங்க கடுதாசில எழுதியிருக்கு. உங்கள்ல யாரு அதக் கழத்தி மாட்டுவீங்க?" பட்டியலில் என் பெயரைச் சேர்த்தார்கள். செப்டம்பர் கடைசியில், காலாண்டு விடுமுறையில், சொந்தச் செலவில் கிளம்பினேன்.

இதே போல் போக நினைப்பவர்களுக்காக நேரம், தூரம், செலவு எல்லாம் சரியாக எழுதுகிறேன். நடுவில் என் மனக்குறைகளும் வரும். வேண்டாதவர்கள் எண்களை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

போன இடம் ஈராக்கின் வடக்கே, குர்திஸ்தான் பகுதியில் டோஹூக் நகரத்துக்கு வெளியே உள்ள அகதி முகாம். பெயர் போட வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள். இருப்பவர்கள் யசீதி மக்கள். சிஞ்சார் மலை அடிவாரத்து ஊர்களிலிருந்து ஆயுதக்காரர்களால் விரட்டப்பட்டவர்கள். பத்து வருஷத்துக்கு மேலாகியும் பல குடும்பங்கள் கூடாரத்திலேயே இருக்கின்றன. அவர்களுக்கென்று தனி மதம், தனி வழக்கம். முகாமில் யாரும் யாரையும் மதம் மாற்றப் பேசக் கூடாது என்பது விதி. எங்கள் குழுவில் சிலருக்கு அது வருத்தம். எனக்கு இல்லை. மிஷினுக்கு எண்ணெய் விடும்போதும் ஜெபம் பண்ணலாம், அதை யாரும் தடுக்க முடியாது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தென்காசியிலிருந்து வேன். செங்கோட்டை, தென்மலை, புனலூர் வழியாகத் திருவனந்தபுரம் விமான நிலையம் ஏறக்குறைய நூற்றுப் பத்து கிலோமீட்டர். நாலு மணி நேரம் ஆனது. தென்மலையில் டீ குடித்த இருபது நிமிஷமும் அதில் அடக்கம். வேனுக்கு ஐயாயிரத்து எண்ணூறு ரூபாய், ஆறு பேர் பங்கு. மாலை விமானத்தில் வளைகுடா போய், அங்கே ஒன்பது மணி நேரம் நாற்காலியில் காத்திருந்து, மறுநாள் காலை பத்தே காலுக்கு எர்பில் நகரத்தில் இறங்கினோம். போக வர டிக்கெட் எனக்கு நாற்பத்தெட்டாயிரத்து இருநூறு. இரண்டு மாதம் முன்னால் எடுத்த விலை அது. விசா விதி அடிக்கடி மாறுகிறது. நான் செய்ததைச் சொல்லி உங்களைக் குழப்பவில்லை. ஆறு வாரம் முன்னாலேயே ஆரம்பியுங்கள்.

குழுவை அறிமுகப்படுத்திவிடுகிறேன். தலைவர் பாஸ்டர் ஜெபராஜ், நாற்பத்தைந்து வயது, நல்ல மனிதர், கமிட்டிக்குப் பயப்படுகிறவர். எஸ்தர் ஆலங்குளத்துக்காரி, நர்ஸ், என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிற பிள்ளை. மற்ற மூவரும் ஆசிரியர்கள். அவர்கள் முகாம் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருந்ததால் இந்தக் கட்டுரையில் அதிகம் வரமாட்டார்கள்.

எர்பில் விமான நிலைய வாசலில் எங்களுக்காக நின்றவர் ஷரீப். கடையநல்லூர்க்காரர். பதினாலு வருஷமாக அங்கே ஹோட்டல் சமையலில் இருக்கிறார். அரபியும் குர்தியும் தண்ணீர் பட்ட பாடு. பத்து நாள் லீவு போட்டு எங்களுக்கு டிரைவராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருக்க ஒத்துக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணாச்சி, குத்தாலத்துல தண்ணி விழுதா?"

எர்பிலிலிருந்து டோஹூக் நூற்று ஐம்பத்தைந்து கிலோமீட்டர், மூன்று மணி நேரம். வண்டிக்குத் தொண்ணூறு டாலர். வழியெல்லாம் மொட்டை மலை, வைக்கோல் நிறத்தில் பூமி. ரோட்டோரம் ஒரு கடையில் சமூன் என்கிற ரொட்டி சூடாகக் கிடைத்தது. தோணி மாதிரி இருக்கும், உள்ளே ஒன்றுமில்லாமல் உப்பியிருக்கும். நான் கொண்டுபோன பருப்புப்பொடியை உள்ளே கொட்டிச் சாப்பிட்டேன். ஷரீப் ஒன்று வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டாவதும் கேட்டார்.

டோஹூக்கில் தங்கினது ஒரு சாதாரண விடுதி. இருவர் அறைக்கு நாளைக்கு முப்பது டாலர், காலைச் சாப்பாடு சேர்த்து. முகாம் அங்கிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிஷம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் முதல் குளறுபடி வெளியே வந்தது. கமிட்டி எங்களுக்கு ஆளுக்கு மூன்று டிசர்ட் அடித்துக் கொடுத்திருந்தது, நல்ல பளீர் நீலம். ஷரீப் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இதப் போட்டுட்டு அங்கன போகாதீங்க. அவங்க வயசாளிங்க நீலம் உடுத்த மாட்டாங்க, பாத்தாலும் ஒரு மாதிரி ஆயிருவாங்க" என்றார். போகிற இடத்து வழக்கத்தை முதலில் விசாரியுங்கள் என்று நான் ஜூலையிலேயே கமிட்டியில் சொன்னேன். மினிட் புத்தகத்தில் எழுதவில்லை. பதினெட்டு டிசர்ட்டும் பெட்டியிலேயே கிடந்து திரும்பி வந்தன.

திங்கள்கிழமை காலை எட்டே முக்காலுக்கு முகாம். கூடாரங்கள் வரிசை வரிசையாக. சுற்றிலும் ஆள் உயரத்துக்குச் செங்கல் வைத்துத் தங்களால் முடிந்த அளவு வீடாக்கியிருக்கிறார்கள். வாசலில் தக்காளி டின்னில் துளசி மாதிரி ஒரு செடி. வீட்டுக்கு வீடு அவர்கள் வணங்குகிற மயிலின் படம் தொங்குகிறது. வருஷா வருஷம் பண்பொழி முருகன் மலை ஏறுகிற என் பக்கத்துக் கடைக்காரர் பார்த்திருந்தால் குஷியாகியிருப்பார்.

பெண்கள் தையல் கூடத்தில் பதினோரு மிஷினும் துணி போட்டு மூடிக் கிடந்தன. யாரோ நல்ல மனசுக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போனவை. பழுது பார்க்க ஆள் கொடுக்கவில்லை. முதல் மிஷினைச் சாய்த்துப் பார்த்ததுமே விஷயம் புரிந்தது. மிஷின் எண்ணெய் தீர்ந்ததும் சமையல் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அது அந்த ஊர்ப் புழுதியோடு சேர்ந்து கோந்து போல் இறுகிவிட்டது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினால் பாதி வேலை முடிந்தது. பகலுக்குள் நாலு மிஷின் ஓடின.

ஐந்தாவது மிஷின் நூரே என்கிற பெண்ணுடையது. முப்பது வயதிருக்கும். அந்த மிஷினை மூன்று பேர் பார்த்துவிட்டுச் செத்துப்போச்சு என்று சொல்லியிருந்தார்கள். செத்துப்போச்சு என்று யாராவது சொன்னால் என்னால் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க முடியாது. என் சுபாவம் அப்படி. என் பெண்டாட்டி இருந்தவரைக்கும் அதற்காகத் திட்டினாள்.

நூரேயின் மாமனார் கலஃப். என் வயதுதான் இருக்கும். வெள்ளை மீசை, தலையில் சிவப்புக் கட்டம் போட்ட துணி. அவர் எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு நான் செய்வதெல்லாம் தப்பு என்று கையால் காட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு மிஷின் தெரியாது. ஆனால் அபிப்பிராயம் இருந்தது. நான் தமிழில் பேச, அவர் குர்தியில் பேச, எஸ்தர் வாசலில் நின்று சிரித்தாள். "பெரியப்பா, ஒங்களுக்கு ஒரு ஜோடி இங்கனதான் இருந்துருக்கு!"

கீழ்க் கம்பி வளைந்திருந்தது. நிமிர்த்தி, திருப்பி மாட்டி, ஊசியும் கொக்கியும் சந்திக்கிற நேரத்தைச் சரி செய்ய வேண்டும். ஒரு மயிரிழை தவறினாலும் தையல் விழாது. திங்கள் மதியம் உட்கார்ந்தவன் செவ்வாய் மாலை நாலரைக்குத்தான் எழுந்தேன். நூரே ஒரு பழைய துணியைக் கொடுத்து மிதித்தாள். தையல் நேராக விழுந்தது. கலஃப் துணியை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், நகத்தால் இழுத்துப் பார்த்தார், அப்புறம் என் முதுகில் ஒன்று வைத்தார் பாருங்கள், நிஜமாகவே வலித்தது.

புதன்கிழமை அவர்களுக்கு விசேஷ நாள். பகல் மூன்று மணிக்குக் கலஃப் வீட்டார் எல்லாரும் சலவைத் துணி உடுத்திக்கொண்டு தையல் கூடத்துக்கு வந்தார்கள். ஷரீப் அந்த நேரம் மிஷின் பெல்ட் வாங்க டோஹூக் போயிருந்தார். கலஃப் மடித்த வெள்ளைத் துணி ஒன்றை இரண்டு கையிலும் ஏந்தி ஏதோ நீளமாகப் பேசினார். பேசி முடித்து அதை என் தோளில் போட்டார்.

நம் ஊர் ஆட்களுக்குத் தோளில் துணி விழுந்தால் என்ன தோன்றும்? "பொன்னாடை! பொன்னாடை! எஸ்தர், போட்டோ எடும்மா" என்றார் பாஸ்டர். நான் குனிந்து வாங்கி நெஞ்சில் கை வைத்தேன். எல்லாரும் கை தட்டினோம். பெண்கள் குலவை போட்டார்கள். நம் குலவைதான், அதே சத்தம். பாஸ்டர் சபை சார்பாக இங்கிலீஷில் ஒரு நன்றியுரையும் சொல்லி முடித்தார். கலஃப் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். ஒரு கம்பியை நிமிர்த்தினதுக்கு இவ்வளவா என்று எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

நாலு மணிக்கு ஷரீப் வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, அந்தத் துண்ட ஒங்க தோள்ல போட்டது யாரு?"

"கலஃப்தான். மரியாத செஞ்சாரு."

"நீங்க வாங்கிட்டீங்களா?"

"பின்ன, கீழயா போடுவாங்க?"

ஷரீப் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "இது மரியாத இல்ல அண்ணாச்சி. மடியில விரிக்கிற துணி. வெள்ளிக்கிழம அவரு பேரனுக்கு சுன்னத். பயல மடியில வச்சுக்கிடப் போற ஆளு நீங்க. இன்னைலருந்து நீங்க அந்த வீட்டுக்கு கிரீவ்."

கிரீவ் என்றால் என்ன என்று ஷரீப் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பையனுக்குச் சுன்னத் செய்யும்போது மடியில் வைத்திருப்பவர் அந்தக் குடும்பத்துக்கு ரத்த உறவாகிவிடுகிறார். பெரும்பாலும் வேற்று மதத்து ஆளைத்தான் கேட்பார்கள். அதற்குப் பிறகு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர் முன்னால் நிற்க வேண்டும். இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்து எடுக்கக் கூடாது.

"அது பரவால்ல," என்றாள் எஸ்தர். "ஒங்க பேத்தி திருநவேலி தாண்டியே மாப்பிள வேண்டாங்கா. ஆனா காதுகுத்துக்கு மடி குடுத்த தாய்மாமன் கணக்கால்லா இருக்கு? சீர் என்ன செய்யப் போறீங்க பெரியப்பா?"

பாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, நாம ஊழியத்துக்கு வந்துருக்கோம். இவங்க சடங்குல உக்காருததுக்கு இல்ல. தெரியாம வாங்கிட்டோம்னு சொல்லித் துண்டத் திருப்பிக் குடுத்துருவோம். கமிட்டிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"நம்ம ஆண்டவருக்கும் எட்டாம் நாள் இதான நடந்துது? அன்னைக்கும் யாரோ ஒருத்தரு மடி இருந்துருக்கும்லா?"

"அது வேற அண்ணாச்சி."

"மடி மடிதான். கமிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

அவரிடம் இப்படிப் பேசிவிட்டேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் ஒரு உறுத்தல். அது சடங்கைப் பற்றி இல்லை. சனிக்கிழமை விமானம் ஏறிப் போய்விடுகிறவன் நான். அறுபத்தெட்டு வயது. இனி ஒரு தரம் இங்கே வருவேனா என்பது நிச்சயமில்லை. போட்டோவுக்கு நின்றுவிட்டுப் போகிறவனை நம்பி ஒரு குடும்பம் உறவு வைத்துக்கொள்ளலாமா? தெரியாமல் வாங்கியதைத் தெரிந்துகொண்டு வைத்திருக்கிறேனா, திருப்பித் தருகிறேனா என்று நான்தான் சொல்ல வேண்டும். ஷரீப்பைக் கூட்டிக்கொண்டு அன்று ஐந்து மணிக்கே கலஃப் வீட்டுக்குப் போனேன்.

தரையில் கம்பளம், சின்னக் கண்ணாடிக் குவளையில் டீ, பாதிக் குவளைக்குச் சர்க்கரை. எஸ்தர் கூட வராததால் குடிக்க ஆரம்பித்தேன். நூரேயின் பையன் சைதோ கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். ஏழு வயது. இரண்டு மூன்று வயதிலேயே முடிந்திருக்க வேண்டியது, இன்னும் நடக்கவில்லை. மற்ற பயல்கள் கேலி செய்வதால் குளிக்கும் இடத்துக்கு அவர்களோடு போகமாட்டானாம்.

ஏன் நடக்கவில்லை என்று கலஃப் சொன்னார். மூன்று தலைமுறையாக அவர்களுக்குப் பக்கத்து ஊரில் ஒரு கிரீவ் குடும்பம் இருந்தது. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஆயுதக்காரர்கள் வந்த அன்று கலஃப் அந்த வீட்டுக்குப் பதினாலு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை. அதற்குப் பிறகு யார் மடியிலும் பேரனைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் இரண்டு பேர் தாங்களாகவே கேட்டும் மறுத்துவிட்டார்.

நான் உள்ளதைச் சொன்னேன். துணியைப் பொன்னாடை என்று நினைத்து வாங்கினேன், எனக்கு உங்கள் வழக்கம் தெரியாது, நான் இருப்பது கடல் தாண்டி, எனக்கு வயதாகிவிட்டது, கூப்பிட்டால் ஓடி வர முடியாது. இன்னொரு ஏமாற்றத்தை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவர எனக்குச் சம்மதமில்லை.

ஷரீப் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரைக்கும் கலஃப் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் பேசினார். ஷரீப் அதைத் தமிழில் சொன்னார். "முந்தின கிரீவ் நடந்து வர்ற தூரத்துல இருந்தாரு, வரலன்னு சொல்லுதாரு அண்ணாச்சி. இந்த ஆளு செத்துப்போன மிஷின விட்டு ரெண்டு நாளா எந்திரிக்கல, எனக்கு அது போதும்ங்காரு. மத்தது அவரு யோசிச்சுக்கிடுவாராம், நீங்க சர்க்கரையக் கலக்குங்க, அடில கெடக்குங்காரு."

நான் துணியை எடுத்து மறுபடியும் என் கையாலேயே தோளில் போட்டுக்கொண்டேன். இந்தத் தடவை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் ஷரீப் வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார், "எனக்கு அந்த வீட்டுல டீ கெடைக்க ரெண்டு வருசம் ஆச்சு அண்ணாச்சி. நீங்க மூணு நாள்ல மாமன் ஆயிட்டீங்க."

வியாழக்கிழமை நூரே அதே மிஷினில் பையனுக்கு வெள்ளை அங்கி தைத்தாள். காலர் மட்டும் நான் தைத்தேன். கிரீவ் உடுப்பு எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதால் டோஹூக் கடைத்தெருவில் ஒரு ஜோடி ஷூவும் வாங்கினேன், பதினெட்டாயிரம் தினார். பேரம் பேசி இருபத்தைந்திலிருந்து இறக்கினது. ஷரீப் தலையிடவில்லை, நான் கை ஜாடையிலேயே செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. நகரத்திலிருந்து டாக்டர் வந்திருந்தார். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. துணியை மடியில் விரித்து, சைதோவை உட்கார வைத்து, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். "நான் வெளியில நிக்கேன்" என்றார் பாஸ்டர். எஸ்தர் டாக்டருக்கு உதவி. பையன் கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். நான்தான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் படித்த பாட்டு ஒன்றைச் சத்தமாகப் பாட ஆரம்பித்துவிட்டேன். எனக்குச் சுருதி கிடையாது. பையன் திரும்பி என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தான், டாக்டர் ஆடாதே என்று அதட்ட, கலஃப் என்னை வாயை மூடச் சொல்ல, நான் மாட்டேன் என்று சொல்லிப் பாட, அதற்குள் முடிந்தே போயிற்று. அப்போதுதான் அழுதான், அதுவும் ஒரு நிமிஷம்.

வெளியே மேளமும் நாயனம் மாதிரி ஒரு குழலும். நம் நையாண்டி மேளக்காரர்கள் கேட்டால் உடனே சேர்ந்துகொள்வார்கள். ஆணும் பெண்ணும் சுண்டு விரலைக் கோத்துக்கொண்டு வரிசையாக ஆடினார்கள். நான் மாமன் என்பதால் வரிசைக்கு முதல் ஆள். வலது பக்கம் கலஃப், காலை மாற்றி வைக்கிறேன் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் திட்டினார். மூன்றாவது சுற்றில் திரும்பிப் பார்த்தால் வரிசையின் கடைசியில் ஒரு வெள்ளைச் சட்டை குதிக்கிறது. பாஸ்டர் ஜெபராஜ்.

"ஐயா, கமிட்டிக்கு என்ன பதில்?" என்று கத்தினேன்.

"அண்ணாச்சி, காலப் பாத்து ஆடுங்க!" என்றார்.

பகல் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறி, கோதுமை நொய்யில் செய்த சோறு, திராட்சை இலையில் சுருட்டிய சாதம். நான் ஏழு சுருட்டு சாப்பிட்டேன். எஸ்தர் எண்ணிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மாலை எர்பிலில் விமானம். பதினோரு மிஷினில் பத்து ஓடுகின்றன. ஒன்றை உதிரிக்காகக் கழற்றி, எந்தத் துண்டு எதற்கு என்று நூரேக்கும் இன்னும் இரண்டு பெண்களுக்கும் காட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். என் மொத்தச் செலவு எழுபத்தொன்பதாயிரம் சொச்சம்.

ஊர் வந்து இரண்டாம் நாள் குற்றாலம் ஐந்தருவியில் நல்ல தண்ணீர். சாயங்காலம் அங்கே நின்றுகொண்டு வீடியோ கால் போட்டேன், ஷரீப்பையும் சேர்த்துக்கொண்டு. முகாமில் லாரித் தண்ணீர், வாரத்துக்கு இவ்வளவு என்று அளவு. சைதோ வாயைத் திறந்தபடி பார்த்தான். கலஃப் போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுக் கோபமாக என்னவோ சொன்னார். "இம்புட்டுத் தண்ணிய யாரு தெறந்து விட்டது, ஒடனே அடைக்கச் சொல்லுங்காரு அண்ணாச்சி" என்றார் ஷரீப்.

கமிட்டியில் என்னை எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த தடவை போகிற குழுவின் பட்டியலில் என் பெயர் இல்லை. நான் போவேன்.

போகிறவர்களுக்கு: அக்டோபருக்கு மேல் குளிரும், கம்பளிச் சட்டை வேண்டும். தையல் ஊசி, திருப்புளி எல்லாம் கைப்பையில் வைக்காதீர்கள், பெரிய பெட்டியில் போடுங்கள். நீலம் வேண்டாம். சர்க்கரைக்காரர்கள் டீயைக் கலக்காமல் மேலாகக் குடியுங்கள். யாராவது தோளில் துணி போட வந்தால், மொழி தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது என்ன என்று கேட்டுவிட்டு, அப்புறம் வாங்குங்கள். வாங்கினால் திருப்பித் தராதீர்கள்.

டிக்கெட் போட்டதும் எனக்குக் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள், உங்கள் பெட்டியில் இரண்டு கிலோ இடம் விட்டு வையுங்கள். தென்காசி பழைய பஸ் ஸ்டாண்ட் வந்து தையல் மிஷின் அண்ணாச்சி என்று கேட்டால் காட்டுவார்கள். பொட்டலம் கட்டித் தயாராக இருக்கிறது: மிஷின் எண்ணெய் ஒரு பாட்டில், ஊசி ஐம்பது, நூரேக்கு வெள்ளை நூல், கலஃப்புக்குக் கருப்பட்டி மிட்டாய், மருமகனுக்கு ஷூ. போன மாதம் கேட்டபோது பழையது கடிக்கிறது என்றான். ஒரு சைஸ் பெரியதாகவே வாங்கியிருக்கிறேன், வளருகிற பிள்ளை.